மஞ்சள் லைட்டும் ஒரு சாண் ஒயரும்

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் 3 நாள் அந்தக் கார் ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகருக்கு வந்தாக வேண்டும். பின்சீட்டில் மாமியார், ஸ்டீயரிங்கில் மருமகள். தில்லை நகரின் கிராஸ் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர் என்று ஆகிவிட்டது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். அதில் ஒன்றில்தான் மாமியாருக்கு டயாலிசிஸ். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. வண்டி ஓட்டுவது, ஃபைல் தூக்குவது, டோக்கன் போடுவது எல்லாமே மருமகள்தான். பள்ளிக்கூட ஆசிரியை. அந்த 3 நாளும் மதியத்துக்கு மேல்தான் அவருக்கு வகுப்பு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை காலை. மாம்பழச் சாலை தாண்டி காவிரிப் பாலத்தில் கார் ஏறி இறங்கியது. அண்ணா சிலை சிக்னலை நெருங்கும்போது ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம் எரிந்தது. வட்டத்துக்குள் மூன்று எழுத்து: ஏபிஎஸ்.

இரண்டு வாரமாகவே ஓர் அறிகுறி இருந்தது. சிக்னலில் மெதுவாக வந்து நிற்கும் கடைசி நொடியில் பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். ரோடுதான் மோசம் என்று நினைத்துவிட்டார். பாலம் 2022-ல் மூடப்பட்டு, இணைப்புகளை எல்லாம் சரிசெய்து 2023 மார்ச்சில் திறந்த பிறகும், மாநகரத்து மற்ற ரோடுகள் அப்படியேதானே இருக்கின்றன என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் அந்த உதறலுக்குக் காரணம் ரோடு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமியாரை இறக்கிவிட்டு சிங்கப்பூருக்கு வாட்ஸ்அப் போட்டதும் பதில் வந்தது. “வண்டியை எடுக்காத. ஆட்டோல போங்க.” டயாலிசிஸ் முடிந்து தளர்ந்துபோய் வருகிற 68 வயது அம்மாவை மழையில் ஆட்டோவில் உட்கார வைத்துப் பாலம் தாண்டுவது சிங்கப்பூரிலிருந்து சொல்வதற்குச் சுலபம்.

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டார். ஏபிஎஸ் லைட் என்றால் பெரும்பாலும் சக்கரத்து சென்சர்தான், செக் பண்ணித்தான் சொல்ல முடியும், சென்சர் மாற்ற வேண்டி வந்தால் பார்ட் வர 5 நாள் ஆகும் என்றார்கள். நியாயமான பதில்தான். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் பக்கத்துக் காரின் டிரைவர் ஒரு யோசனை சொன்னார். “இதுக்குப் போய் ஏன் மேடம் கவலைப்படுறீங்க? மீட்டரைத் திறந்து அந்த பல்பை மட்டும் எடுத்துட்டா லைட்டே வராது.”

பிரேக்கில் கோளாறு இருந்தால் பல்பைக் கழற்றுவது, காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. ஆனாலும் ஊரில் இது நடக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதற்காகவே ஒன்றைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன், ஏபிஎஸ் லைட் சில நொடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்தக் காரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சக்கரத்துக்கு ஒரு காது

ஏபிஎஸ் என்பது பிரேக்கை அதிகமாகப் பிடிக்க வைக்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்வது நேர் எதிர் வேலை. ஈர ரோட்டில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கிக்கொண்டே போகும். சுற்றாத முன்சக்கரத்தைத் திருப்பியும் பயனில்லை. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேராகத்தான் போய் இடிக்கும். எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கிறதோ அந்தச் சக்கரத்துக்குப் போகிற பிரேக் அழுத்தத்தை ஏபிஎஸ் கொஞ்சம் தளர்த்தும், மறுபடி இறுக்கும். ஒரு நொடிக்குள் இதைப் பல முறை செய்யும். அதனால்தான் காலுக்கடியில் அந்தக் கடகட.

எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு சென்சர். கட்டை விரல் அளவு கருப்பு பிளாஸ்டிக் துண்டு, அதிலிருந்து ஒரு ஒயர். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தையோ, பேரிங்கிலேயே பதித்திருக்கும் காந்த வளையத்தையோ அது எண்ணிக்கொண்டே இருக்கும். வளையத்தில் 48 பல் என்று வைத்துக்கொண்டால், கார் 36 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு 250-க்கும் மேற்பட்ட துடிப்புகள் அந்த ஒயர் வழியாக ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒரு சக்கரத்திலிருந்து துடிப்பு வரவில்லை என்றால், தவறான கணக்கில் பிரேக் போடுவதைவிட சும்மா இருப்பது மேல் என்று ஏபிஎஸ் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மஞ்சள் லைட்டை ஏற்றிவிடும். சாதாரண பிரேக் எப்போதும் போல வேலை செய்யும்.

துடிப்பு அடியோடு நின்றுபோனால் இப்படி. விட்டு விட்டு வந்தால் வேறு மாதிரி தொல்லை. கார் மெதுவாக நிற்கப் போகும் நேரத்தில் ஒரு சக்கரத்தின் துடிப்பு மட்டும் திடீரென்று காணாமல் போனால், அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று தப்பாக நினைத்து ஏபிஎஸ் பிரேக்கைத் தளர்த்தும். இரண்டு வாரமாக சிக்னலில் பெடல் உதறியதற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் கார் நினைத்த இடத்தைவிட ஒன்றிரண்டு அடி தள்ளித்தான் நிற்கும். முன்னால் ஸ்கூட்டர் நின்றால் அந்த ஒன்றிரண்டு அடி பெரிய விஷயம்.

1978-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு ஏபிஎஸ்ஸைத் தயாரித்து, மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் காரில் வந்தபோது அது பணக்காரர்கள் சமாசாரம். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம். ஆக இப்போது நம் தெருவில் நிற்கும் சின்னக் காரிலும் 4 சென்சர், 4 ஒயர். எல்லாமே சேறு, தண்ணீர், கல் தெறிக்கும் இடத்தில், டயருக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன.

தென்னூரில் 4 மணி நேரம்

டயாலிசிஸ் 4 மணி நேரம். ஆசிரியை காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு தென்னூரில் குடும்பத்துக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனார். மஞ்சள் லைட் மட்டும் எரிந்தால் இப்படி நிதானமாக ஓட்டிப் போகலாம். கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் நிலைமை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அல்லது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வசதியும் போயிருக்கலாம். அப்போது ஓரம் கட்டி நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழைப்பதுதான் சரி.

“பாய், 12 மணிக்குள்ள நான் ஆஸ்பத்திரில இருக்கணும்.”

“முதல்ல என்னன்னு பார்ப்போம்மா. டைம் அப்புறம்.”

ஸ்கேனரை மாட்டினார். போனோடு புளூடூத்தில் பேசும் மலிவு ஸ்கேனர்களில் பல, என்ஜின் கோளாறை மட்டும்தான் காட்டும். ஏபிஎஸ்ஸுக்குள் நுழையாது. பாயிடம் இருந்தது நுழையும் வகை. முன் இடது சக்கர சென்சர் சர்க்யூட் என்று காட்டியது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். ‘சென்சர் சர்க்யூட்’ என்றால் சென்சர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சென்சர், ஒயர், கனெக்டர், பேரிங்கில் உள்ள வளையம் என்று அந்தப் பாதையில் எங்கோ கோளாறு என்று மட்டும்தான் அர்த்தம்.

சாவியை அணைத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஷாக் அப்சார்பர் தூணில் ஒயரைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப் இல்லை. ஒயர் தொளதொளவென்று தொங்கி, ரிம்மின் உள்விளிம்பில் உரசி உரசி, மேல் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரண்டு ஒயரில் ஒன்று அறுந்திருந்தது. இன்னொன்று நாலைந்து இழையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“போன மாசம் ஷாக் அப்சார்பர் மாத்துனீங்களா?”

மாற்றியிருந்தார்கள், வேறொரு கடையில். மாற்றியவர்கள் ஒயரைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். வேலை முடிந்து கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். ஷாக் அப்சார்பரோ, பேரிங்கோ, பிரேக் பேடோ மாற்றிய பிறகு முன்சக்கரத்தை முழுசாக ஒரு பக்கம் ஒடித்து வைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயர் எதுவும் தொங்கக் கூடாது.

எலியும் இதே வேலையைச் செய்யும். புத்தூர் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிக் கார் நிறுத்துகிறவர்களுக்கு அந்த அனுபவம் இருக்கும். ஆனால் எலி கடித்த ஒயரில் பல் தடம் இருக்கும், கீழே துணுக்குகள் கிடக்கும். உரசித் தேய்ந்தது ஒரே பக்கமாகப் பளபளவென்று வழித்தெடுத்த மாதிரி இருக்கும். இது இரண்டாவது ரகம்.

பாய் அடுத்து யோசித்த விஷயம் முக்கியமானது. இந்த ஒயரை ஒட்டலாமா, ஒட்டக் கூடாதா?

பெரும்பாலான கார் கம்பெனிகள் சென்சர் ஒயரை ஒட்டாதே, முழுசாக மாற்று என்றுதான் சொல்கின்றன. அதில் காரணம் இருக்கிறது. ஸ்டீயரிங் திரும்பும்போதும் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் இந்த ஒயர் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். ஒட்டிய இடம் விறைப்பாக இருக்கும். விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கிற விளிம்பில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும்.

ஆனால் ஒயர் முழுக்க ஒரே மாதிரி வளைவதில்லை. இந்தக் காரில் முன்சக்கரம் திரும்பும்போது ஷாக் அப்சார்பர் தூணும் சேர்ந்து திரும்பும். எனவே தூணில் கிளிப் பிடிக்கும் இடத்திலிருந்து சக்கரம் வரைக்கும் உள்ள துண்டு அவ்வளவாக அசையாது. உண்மையில் நெளிவது கார் பாடிக்கும் தூணுக்கும் நடுவே தொங்கும் துண்டுதான். அறுந்திருந்த இடம் சென்சருக்கு ஒரு சாண் மேலே, அசையாத பகுதியில். கிளிப் மட்டும் இருந்திருந்தால் அது தூணோடு ஒட்டி நின்றிருக்கும்.

“நெளியிற இடத்துல அறுந்திருந்தா நான் கையே வச்சிருக்க மாட்டேன்மா. இங்கன்னா ஜாயின்ட் போடலாம். ஆனா இது புது சென்சர் வர்ற வரைக்கும்தான். இப்பவே ஆர்டர் போட்டுருங்க.”

ஜாயின்ட் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, புது சென்சர் பேச்சையே எடுக்காமல் அவர் இருந்திருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு ஒயர்

வேலை தொடங்கியது. கனெக்டரைக் கழற்றி, அங்கிருந்து ஏபிஎஸ் யூனிட் வரை செல்லும் ஒயர் நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தார். நன்றாக இருந்தது. சென்சரை மட்டும் ஓம் மீட்டர் வைத்துச் சோதிக்கவில்லை. காந்தமும் சுருள் கம்பியும் மட்டும் உள்ள பழைய வகை சென்சர்களை அப்படிச் சோதிக்கலாம், பெரும்பாலும் ஆயிரம் ஓம் வாக்கில் காட்டும். இப்போதைய கார்களில் இருப்பது உள்ளேயே சின்ன மின்னணுச் சில்லு கொண்ட வகை. அது 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று மின்னோட்டத்தை மாற்றி மாற்றிக் காட்டித்தான் பேசும். அதில் ஓம் மீட்டரை வைத்தால் சரியான விடையும் வராது, நன்றாக இருக்கும் சென்சரே கெட்டுப்போகவும் கூடும்.

இந்த வகையில் இன்னொரு சிக்கல், இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் வேலை செய்யாது. அதனால் ஏற்கெனவே அறுந்திருந்ததை முதலில் முழுசாக இணைத்து முடித்தார். அதன் பிறகுதான் பாதி உயிரில் இருந்த இன்னொன்றை வெட்டினார். இரண்டையும் ஒன்றாக வெட்டிவிட்டு எது எதனோடு என்று முழிக்கும் வேலையே இல்லை.

முனையைச் சீவியபோது உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. செம்பு செம்பாகவே மின்னும் வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போனார். வெட்ட வெட்ட ஒயர் நீளம் குறைந்தது. இழுத்துப் பிடித்து ஒட்டினால் முழு ஒடிப்பில் விண்ணென்று இழுக்கும். எனவே அதே தடிமனில் விரல் நீளத்துக்கு வேறொரு ஒயரை நடுவில் சேர்த்தார். ஆக ஒவ்வொரு ஒயரிலும் 2 ஜாயின்ட், மொத்தம் 4. அவை ஒரே இடத்தில் முண்டாக வராமல் 2, 3 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி அமைத்தார்.

சால்டரிங் வைப்பதா, குழாய் மாதிரி சின்ன உலோக இணைப்பைப் போட்டு நெருக்குவதா என்று மெக்கானிக்குகளுக்குள் தீராத சண்டை உண்டு. வீட்டு ரேடியோவுக்கு சால்டரிங் அருமை. ஆனால் அதிர்வு உள்ள இடத்தில், உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரையே குச்சியாக்கிவிடும். குச்சி முடியும் இடத்தில் ஒடியும். சக்கரத்துக்குப் பக்கத்தில் நெருக்கு இணைப்புதான் நல்லது. அதன் மேல் உள்பக்கம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடு காட்டினால் அது சுருங்கிக் கவ்வும், பசை உருகித் தண்ணீர் புகாமல் அடைத்துவிடும். இந்தக் குழாயை ஒயரில் முன்கூட்டியே கோத்துவிட வேண்டும். ஜாயின்ட் போட்டு முடித்துவிட்டு, மேஜையில் கிடக்கும் குழாயைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்ளாத மெக்கானிக் உலகத்தில் கிடையாது. பாய் கூட இரண்டாவது ஒயரில் கடித்துக்கொண்டார். வெட்டி மறுபடி போட்டார்.

கருப்பு இன்சுலேஷன் டேப்? வேண்டவே வேண்டாம். திருச்சி சித்திரை வெயிலில் அதன் பசை இளகி, டேப் தானாக நழுவும். மழையில் அதற்குள்ளேயே தண்ணீர் தங்கும்.

மூடுவதற்கு முன் இரண்டு ஒயரையும் முன்பு இருந்தது போலவே ஒன்றோடொன்று முறுக்கினார். அது அழகுக்காக இல்லை. பக்கத்தில் போகும் மற்ற மின்சாரத்தின் இரைச்சல் இரண்டு ஒயரிலும் சமமாக ஏறினால்தான் கம்ப்யூட்டர் அதைக் கழித்துப் பார்க்க முடியும். அதன் மேல் மொத்தத்துக்கும் சேர்த்து இன்னொரு குழாய். பிறகு புது கிளிப். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் தொங்கியது. உதவிக்கு நின்ற பையன் இரண்டையும் சேர்த்து டேக் போடப் போனான். பாய் கையைத் தட்டிவிட்டார். “அது பிரேக்குடா. அதோட எதையும் கட்டாத.”

சக்கரம் தொங்கும்போது ஒரு முறை, இறக்கிய பிறகு ஒரு முறை, முழு இடது ஒடிப்பு, முழு வலது ஒடிப்பு. எங்கேயும் இழுக்கவில்லை, உரசவில்லை.

ஸ்கேனரில் பழைய கோளாறை அழித்துவிட்டு, ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆள் நடமாட்டமில்லாத ஒரு காலி இடத்துக்குக் காரை எடுத்துப் போனார். திரையில் நான்கு சக்கரத்தின் வேகமும் தனித்தனியாக ஓடியது. 20, 20, 20, 20. காலையில் அதே இடத்தில் ஒன்று மட்டும் 0 காட்டியது. பல கார்களில் இப்படிக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகுதான் லைட் அணையும். வாசலிலேயே நின்று ‘இன்னும் எரியுதே’ என்று பதறக் கூடாது. கொஞ்சம் வேகமெடுத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். கடகடவென்று அதிர்ந்து, கோணாமல் நேராக நின்றது.

“இப்ப அதிருது பாருங்க, இது நல்ல அதிர்வு. சிக்னல்ல மெதுவா நிக்கும்போது வந்துச்சுல்ல, அது கெட்டது.”

மணி 11.40.

ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “லைட்டு போயிருச்சா?” என்பதுதான். காலையில் பின்சீட்டிலிருந்து அவரும் பார்த்திருக்கிறார், மருமகள் பதறுவாளே என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பயணம் அந்த ஜாயின்ட்டோடு நடந்தது. திங்களும் நடந்தது. செவ்வாய்க்கிழமை பார்ட் வந்த போன் வந்தது. அதற்குள் வீட்டில் ஒரு விவாதம். நன்றாகத்தானே ஓடுகிறது, சில ஆயிரம் ரூபாய் செலவு செய்து எதற்குப் புதுசு? சிங்கப்பூரிலிருந்து வந்த கருத்தும் இதுவே. ஆட்டோவில் போகச் சொன்ன அதே குரல்.

புதன்கிழமை மாமியார் உள்ளே போனதும் கார் மறுபடி தென்னூருக்குப் போனது. பழைய சென்சர் துருப்பிடித்து அதன் குழியிலேயே இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டு நெம்பினால் பாதி உள்ளேயே உடைந்து நிற்கும். குழியைத் துடைத்துச் சுத்தம் செய்து, புதுசைப் பொருத்தி, ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் அழுத்தி ‘டிக்’ சத்தம் கேட்டார் பாய். கழற்றிய ஒயரில் அவர் போட்ட ஜாயின்ட் அப்படியே உறுதியாக இருந்தது. ஆசிரியை அதை ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டார்.

“எதுக்கும்மா இது?”

“எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு மின்சாரப் பாடம் வருது பாய்.”